ஆராய்ச்சியாளராக கிரீன் கார்டு கேட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பிஎச்டி முடிக்கப்போகிறவர்கள், பிஎச்டிக்குப் பிறகு போஸ்ட்டாக் என்ற தற்காலிக ஆய்வுப் பணியில் காலம் தள்ளுகிறவர்கள், ஊரில் ஆய்வகத்தில் இருந்தபடியே யோசிக்கிறவர்கள் என்று பலர் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. நான் வக்கீல் இல்லை. வேதியியல்காரன். நிலத்தடி நீரிலிருந்து ஆர்சனிக்கைப் பிரித்தெடுக்கும் வடிகட்டிப் பொருள்கள் என் துறை. இரண்டு முறை மனுப் போட்டிருக்கிறேன். ஒரு முறை ஆர்எஃப்இ, அதாவது "இந்த ஆதாரம் போதாது, இன்னும் கொடு" என்று கேட்கும் கடிதம், வாங்கியிருக்கிறேன்.

ஐ-140 அப்ரூவல் வந்துவிட்டால் கிரீன் கார்டு வந்த மாதிரிதானே?

இல்லை. வாழ்த்துச் சொல்ல வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் குழப்பம் உண்டு. ஐ-140 என்பது "இவர் இந்தப் பிரிவுக்குத் தகுதியானவர்" என்று குடிவரவுத் துறை ஒப்புக்கொள்வது, அவ்வளவுதான். கிரீன் கார்டு அடுத்த படி. அமெரிக்காவுக்குள் இருந்தால் ஐ-485 போட வேண்டும், வெளியே இருந்தால் தூதரகம் வழியாகப் போக வேண்டும். அந்தப் படியில் கால் வைக்க உங்கள் முறை வந்திருக்க வேண்டும்.

முறை என்பது என்ன? 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுகள் வருடத்துக்குச் சுமார் 1,40,000. மனைவி, கணவன், பிள்ளைகள் எல்லோரும் இந்தக் கணக்கிலேயே அடக்கம். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. இந்தியாவுக்கும் அதே 7, ஐஸ்லாந்துக்கும் அதே 7. வரிசை எங்கே நிற்கிறது என்பதை வெளியுறவுத் துறை மாதாமாதம் விசா புல்லட்டினில் போடும். 2025 அக்டோபர் புல்லட்டினில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு ஈபி-2, அதாவது வேலை அடிப்படையின் இரண்டாம் பிரிவு, 2013 ஏப்ரல் 1-இல் நின்றது. ஈபி-1 பிரிவு 2022 பிப்ரவரி 15. அதாவது ஈபி-2 வரிசையில் அந்த மாதம் கிரீன் கார்டு வாங்கியவர், 2013 ஏப்ரலுக்கு முன் வரிசையில் இடம் பிடித்தவர். அவர் அப்போது போஸ்ட்டாக்காக இருந்திருந்தால் இப்போது பேராசிரியராகவே ஆகியிருப்பார்.

எனவே "தகுதி இருக்கிறதா" என்ற கேள்வியோடு "எந்தத் தேதியில் வரிசையில் நிற்கிறேன்" என்ற கேள்வியையும் சேர்த்தே கேளுங்கள். இந்தியாவில் பிறந்தவருக்கு இரண்டாவதுதான் பெரிய கேள்வி.

நான் இந்தியக் குடிமகன், ஆனால் பிறந்தது குவைத்தில். நான் எந்த வரிசை?

குவைத். குடியுரிமை கணக்கில் வராது, பிறந்த மண்தான் கணக்கு. கனடா பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டாலும் மதுரையில் பிறந்தவர் இந்திய வரிசையில்தான் நிற்பார். யாழ்ப்பாணத்திலோ பினாங்கிலோ பிறந்தவருக்கு இந்த நீள வரிசை கிடையாது. அவர்கள் "மற்ற நாடுகள்" பத்தியைப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன அதே 2025 அக்டோபரில் அந்தப் பத்தியில் ஈபி-2 தேதி 2023 டிசம்பர் 1.

இதில் பலர் கவனிக்காத ஒரு வழி உண்டு. கணவன் மனைவியில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால், இருவரும் அந்த நாட்டின் வரிசையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். மனு யார் பெயரில் இருந்தாலும் சரி. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கணவர் திருநெல்வேலி, மனைவி பிறந்தது சிங்கப்பூர். இரண்டு வயதில் ஊருக்கு வந்துவிட்டதால் அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. வரிசையில் மூன்று வருடம் காத்திருந்த பிறகு, ஏதோ ஒரு படிவத்தில் பிறந்த ஊர் எழுதும்போதுதான் விஷயம் உறைத்தது. பிள்ளைகளின் பிறந்த நாடு மட்டும் பெற்றோருக்கு இப்படி உதவாது.

ஆராய்ச்சியாளருக்கு என்னென்ன வழிகள்?

மூன்று. ஈபி-1ஏ, ஈபி-1பி, ஈபி-2 என்ஐடபிள்யூ. மூன்றிலும் பெர்ம் எனப்படும் தொழிலாளர் சான்றிதழ் தேவையில்லை. "இந்த வேலைக்கு அமெரிக்கர் யாரும் கிடைக்கவில்லை" என்று விளம்பரம் கொடுத்து நிரூபிக்கும் சடங்கு அது.

ஈபி-1ஏ "அசாதாரணத் திறன்" உள்ளவர்களுக்கு. வேலை தருபவர் வேண்டாம், நீங்களே போடலாம். பத்து அளவுகோல்களில் குறைந்தது மூன்று காட்ட வேண்டும்.

ஈபி-1பி "சிறந்த பேராசிரியர் அல்லது ஆராய்ச்சியாளர்" பிரிவு. இதை நிறுவனம்தான் போட வேண்டும். ஆறில் இரண்டு போதும், மூன்று வருட அனுபவம் வேண்டும், வேலை நிரந்தரமாக இருக்க வேண்டும். டெனுர் டிராக் (பிறகு நிரந்தரமாகும் வாய்ப்புள்ள பேராசிரியர் பணி), அல்லது முடிவுத் தேதி இல்லாமல் தொடரும் ஆராய்ச்சிப் பணி என்றால் சரி. வருடாவருடம் புதுப்பிக்கும் போஸ்ட்டாக் நியமனம் பெரும்பாலும் இங்கே எடுபடாது. தனியார் நிறுவனம் என்றால் குறைந்தது மூன்று முழுநேர ஆராய்ச்சியாளர்கள் அங்கே இருக்க வேண்டும். பிஎச்டி காலத்து ஆராய்ச்சியை மூன்று வருடக் கணக்கில் சேர்க்கலாம், ஆனால் பட்டம் கையில் இருக்க வேண்டும், அந்த ஆராய்ச்சியே துறையில் சிறந்தது என்று பெயர் வாங்கியிருக்கவும் வேண்டும்.

என்ஐடபிள்யூ என்பது ஈபி-2 பிரிவுக்குள் "நாட்டு நலன் கருதி வேலை வாய்ப்புக் கடிதத்தையும் பெர்மையும் தள்ளுபடி செய்யுங்கள்" என்று கேட்பது. இதையும் நீங்களே போடலாம். பொதுவாக முதுகலைப் பட்டமோ அதற்கு மேலோ வேண்டும்.

எத்தனை சைட்டேஷன் இருந்தால் கிடைக்கும்?

சைட்டேஷன் என்றால் மற்றவர்கள் தங்கள் கட்டுரையில் உங்கள் கட்டுரையைக் குறிப்பிடுவது. அதற்குச் சட்டத்தில் எண் எதுவும் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "500 இருந்தால் போதும்" என்பார், இன்னொருவர் "1,000-க்கும் மறுத்துவிட்டார்கள்" என்பார். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். கணிதத்தில் 80 என்பது நல்ல எண். டீப் லேர்னிங்கில் 800-ஐ யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உங்கள் துறையில், அதே வருடம் வெளிவந்த கட்டுரைகளோடு ஒப்பிட்டு நீங்கள் மேலிருந்து எத்தனையாவது சதவீதத்தில் நிற்கிறீர்கள் என்பதைக் காட்டுங்கள். வெப் ஆஃப் சயன்ஸ் தரவை வைத்து வெளியாகும் துறைவாரி வரம்பு அட்டவணைகள் இதற்குத்தான் உதவும்.

அதைவிட முக்கியம், சைட் செய்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பது. "இத்துறையில் பலர் ஆய்வு செய்துள்ளனர் [12–27]" என்ற பட்டியலுக்குள் உங்கள் பெயர் இருப்பது வேறு. "இன்னாரின் முறையைப் பயன்படுத்தி நாங்கள் மாதிரிகளைத் தயாரித்தோம்" என்று ஒருவர் செய்முறைப் பகுதியில் எழுதுவது வேறு. இரண்டாவது வகையில் பத்து வரி கிடைத்தால், முதல் வகையில் இருநூறு கிடைத்ததைவிட மதிப்பு. நான் ஒரு வார இறுதி முழுக்க உட்கார்ந்து, என் கட்டுரையைச் சைட் செய்த ஒவ்வொரு பிடிஎஃப்பையும் திறந்து, என் பெயர் வரும் வரியை மஞ்சளில் அடித்தேன். 140 கட்டுரைகளில் தேறியது 11. அந்த 11-தான் என் மனுவின் முதுகெலும்பு.

பியர் ரிவ்யூ (பத்திரிகைக்கு வரும் பிறர் கட்டுரையை மதிப்பிடுவது), கட்டுரைகள், புது முறை என்று மூன்று அளவுகோலைக் காட்டிவிட்டேன். ஈபி-1ஏ முடிந்ததுதானே?

அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கஸாரியன் என்ற இயற்பியலாளரின் வழக்கில் 2010-இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவருடைய ஆதாரங்களை எடைபோடும்போது, விதியில் இல்லாத நிபந்தனைகளைத் துறை தானாகச் சேர்த்துக்கொண்டது தவறு என்றது. ஆனாலும் மூன்று அளவுகோல் தேறவில்லை என்பதால் அவர் தோற்றார். அந்தத் தீர்ப்பிலிருந்து துறை இரண்டு படி முறையை எடுத்துக்கொண்டது. முதலில் அளவுகோல்களை எண்ணுவார்கள். மூன்று தேறினால், எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து "இவர் உண்மையிலேயே துறையின் உச்சியில் இருக்கும் சிலரில் ஒருவரா" என்று பார்ப்பார்கள். முதல் படியில் பாஸ், இரண்டாம் படியில் ஃபெயில் என்ற பதில் சாதாரணமாக வரும்.

பியர் ரிவ்யூவை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பேராசிரியர் தனக்கு வந்ததைத் தள்ளிவிட்டு நீங்கள் செய்த நாலு ரிவ்யூ, முதல் படியில் ஒரு டிக் வாங்கித் தரலாம், அதுவும் பத்திரிகையிடமிருந்து உங்கள் பெயரில் அத்தாட்சி இருந்தால்தான். இரண்டாம் படியில் அதற்கு எடையே இல்லை. ஆசிரியர் குழுவில் இடம், ஆராய்ச்சி நிதி விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுவில் இடம் என்றால் கதை வேறு.

என்ஐடபிள்யூவில் "தேசிய முக்கியத்துவம்" என்று எதைக் காட்டுவது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது நடைமுறையில் இருக்கும் அளவீடு 2016 டிசம்பர் 27 அன்று தனசார் என்பவரின் மனுவில் வந்த தீர்ப்பு. அதற்கு முன் 1998-லிருந்து வேறொரு அளவீடு இருந்தது. தனசாரில் மூன்று கேள்விகள்: நீங்கள் செய்யப்போகும் காரியத்துக்குக் கணிசமான மதிப்பும் தேசிய முக்கியத்துவமும் இருக்கிறதா, அதைச் செய்ய நீங்கள் தகுந்த நிலையில் இருக்கிறீர்களா, வேலைக் கடிதத்தையும் பெர்மையும் தள்ளுபடி செய்வது மொத்தத்தில் நாட்டுக்கு நன்மையா. அந்த மனுதாரர் விண்வெளிப் பொறியியல் ஆராய்ச்சியாளர். ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் போகும் உந்துவிசைதான் அவர் துறை. கல்லூரியில் பாடம் நடத்தப்போவதாகவும் சொன்னார். தீர்ப்பில் உந்துவிசை ஆராய்ச்சிக்குத் தேசிய முக்கியத்துவம் இருப்பதாக ஏற்றுக்கொண்டார்கள். பாடம் நடத்துவது நல்ல காரியம்தான், ஆனால் அதன் பலன் தேசிய அளவுக்குப் பரவும் என்று காட்டப்படவில்லை என்று ஒதுக்கினார்கள். மனு ஏற்கப்பட்டது, ஆராய்ச்சியை வைத்து.

இதில் நமக்குப் பாடம் ஒன்று இருக்கிறது. துறைக்கு முக்கியத்துவம் இருப்பது போதாது, நீங்கள் செய்யப்போகும் குறிப்பிட்ட காரியத்துக்கு இருக்க வேண்டும். "புற்றுநோய் ஆராய்ச்சி முக்கியம்" என்றால் அதிகாரி மறுக்க மாட்டார். "அதில் நீ செய்வது என்ன?" என்று கேட்பார்.

என் முதல் வரைவில் இப்படி எழுதியிருந்தேன்: "நீர் சுத்திகரிப்புத் துறையில் என் ஆராய்ச்சியைத் தொடர்ந்து, புதிய நானோ பொருள்களை உருவாக்குவேன்." படித்த நண்பர் ஒருவர், அவர் உயிரியல்காரர், "இதை யார் வேண்டுமானாலும் எழுதலாமே" என்றார். ரோஷமாக இருந்தது, ஆனால் உண்மை. திருத்தி எழுதியது இது: "அமெரிக்காவில் 4 கோடிக்கும் அதிகமானோர் தனியார் கிணற்று நீரைக் குடிக்கிறார்கள். பொதுக் குடிநீருக்கு ஆர்சனிக் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். தனியார் கிணறுகளுக்குக் கூட்டாட்சியின் குடிநீர்ச் சட்டம் பொருந்தாது. மின்சாரம் இல்லாமல் சமையலறைக் குழாயடியில் பொருத்தக்கூடிய, இரும்பு ஆக்சைடு பூசிய வடிகட்டியை இவ்வளவு காலத்துக்குள் இந்த நிலைக்குக் கொண்டுவருவேன்." அதன் கீழே நான் ஏற்கெனவே வெளியிட்ட எந்தக் கட்டுரை எந்தப் படிக்கு அடித்தளம், எந்த ஆய்வகம் கிணற்று நீர் மாதிரி தர ஒப்புக்கொண்டது என்பதெல்லாம். முதல் வரைவு ஒரு ஆளைப் பற்றியது. இரண்டாவது ஒரு வேலையைப் பற்றியது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி ஃப்ளோரைடு பிரச்சினைக்கும் உங்கள் பொருள் உதவும் என்றால் மகிழ்ச்சி. இந்த மனுவில் அதற்கு ஒரு வரி போதும். அமெரிக்காவுக்கு என்ன பயன் என்பதே இங்கே கேள்வி.

சிபாரிசுக் கடிதங்கள் எத்தனை, யாரிடம்?

சட்டத்தில் எண் இல்லை. பெரும்பாலோர் ஐந்து முதல் ஏழு வைப்பார்கள். எண்ணிக்கை பெரிதல்ல, யார் எழுதுகிறார் என்பது பெரிது.

என் முதல் மனுவில் ஆறு கடிதம். என் பிஎச்டி கைடு, போஸ்ட்டாக் பேராசிரியர், இரண்டு கூட்டு ஆசிரியர்கள், கைடின் பழைய மாணவர் ஒருவர், கைடின் நண்பர் ஒருவர். எல்லாமே மனதார எழுதியவை. ஆர்எஃப்இயில் அதிகாரி கேட்டது நாகரிகமாகத்தான் இருந்தது. சுருக்கம் இதுதான்: உங்களைத் தெரிந்தவர்கள் உங்களைப் புகழ்கிறார்கள், உங்களைத் தெரியாதவர்கள் உங்கள் வேலையை என்ன செய்தார்கள்?

பதிலுக்கு, நான் நேரில் பார்த்தே இராத ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஆஸ்திரேலியாவில் இருப்பவர், என் பூச்சு முறையைத் தன் ஆய்வில் பயன்படுத்தியிருந்தார். அவர் எழுதிய கடிதம் ஒரே பக்கம். "இவரை நான் சந்தித்ததில்லை" என்று தொடங்கி, என் முறையை எப்போது, எதற்காக எடுத்தார், அதற்கு முன் என்ன பயன்படுத்தினார், மாற்றிய பிறகு என்ன ஆனது என்று சொன்னது. "தலைசிறந்த", "ஈடு இணையற்ற" போன்ற சொல் ஒன்றுகூட இல்லை. மற்ற ஆறையும்விட அந்த ஒரு பக்கம் கனமாக இருந்தது.

முன்பின் தெரியாதவரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும். பத்துப் பேருக்கு எழுதினால் மூன்று பேர் பதில் போடுவார்கள், அது போதும். வரைவை நீங்களே எழுதித் தருவது இங்கே வழக்கம்தான், ஆனால் எழுதுகிறவர் அதைப் படித்து, திருத்தி, தன் சொற்களாக்கித்தான் கையெழுத்திட வேண்டும். ஆறு கடிதமும் ஒரே நடையில் இருந்தால் யாருக்கும் தெரிந்துவிடும்.

"சர்வதேச சிறந்த ஆராய்ச்சியாளர் விருது" தருவதாக மெயில் வருகிறது, கட்டணம் கட்டச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம்.

சரி, காரணம் சொல்கிறேன். பணம் கட்டினால் கிடைக்கும் விருது, பணம் கட்டினால் கிடைக்கும் உறுப்பினர் அட்டை, மூன்று நாளில் ஏற்றுக்கொள்ளும் பத்திரிகை எல்லாம் அதிகாரிகள் பார்த்துச் சலித்தவை. ஒன்றை உள்ளே வைத்தால் பக்கத்தில் இருக்கும் நல்ல ஆதாரத்தின் மேலும் சந்தேகம் விழும். பொய்யான தகவல் என்று ஆகிவிட்டால் மனு மட்டும் போகாது, அமெரிக்காவுக்குள் நுழையவே வாழ்நாள் தடை வரலாம். சந்தா கட்டினால் சேர்த்துக்கொள்ளும் அறிவியல் சங்கத்தில் உறுப்பினராக இருப்பது தப்பில்லை, ஆனால் அது அளவுகோலில் வராது. சாதனை பார்த்து, வல்லுநர்கள் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர் தகுதிதான் கணக்கு. ஜேஆர்எஃப் போன்ற உதவித்தொகைகளைப் பெரும்பாலும் மாணவர் நிலை அங்கீகாரமாகவே எடுத்துக்கொள்வார்கள்.

என் கட்டுரைகளில் பெயர் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி. பிரச்சினையா?

நம் ஆட்களுக்கென்றே உள்ள பிரச்சினை இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "க. செந்தில்குமார்", பாஸ்போர்ட்டில் செந்தில்குமார் முன்பெயர், கருப்பசாமி குடும்பப்பெயர், முதல் கட்டுரையில் "கே. செந்தில்", அமெரிக்கா வந்த பிறகு "எஸ். கருப்பசாமி". நாலும் ஒரே ஆள் என்பது நமக்குப் பார்த்தவுடன் புரியும். இனிஷியல் என்றால் அப்பா பெயர் என்பதே தெரியாத அதிகாரிக்கு அது நாலு ஆள். அப்பா பெயரைக் குடும்பப்பெயராகப் போட்டதால், மேற்கோள்களில் அப்பாதான் விஞ்ஞானியாக உலா வருவார், அது வேறு கதை.

செய்ய வேண்டியது: ஓர்சிட் எண் (ஆராய்ச்சியாளருக்கான தனி அடையாள எண்) எடுத்து எல்லாக் கட்டுரைகளையும் அதன் கீழ் சேருங்கள். கூகுள் ஸ்காலர் பக்கத்தில் எல்லாப் பெயர் வடிவங்களையும் ஒன்றாக்குங்கள். மனுவின் முகப்புக் கடிதத்தில் ஒரு பத்தி ஒதுக்கி, தமிழ்ப் பெயர் முறையை விளக்கி, எந்தெந்த வடிவம் எங்கே வருகிறது என்று அட்டவணை போடுங்கள். கூட்டு ஆசிரியர் ஒருவரின் கடிதத்திலும் "இந்த நாலு பெயரும் இவரே" என்று ஒரு வரி இருந்தால் நல்லது.

இப்போதே என்ஐடபிள்யூ போடவா, இன்னும் இரண்டு கட்டுரை வந்ததும் ஈபி-1ஏ போடவா?

இந்தியாவில் பிறந்தவர் என்றால், என்ஐடபிள்யூ தேறும் நிலைக்கு வந்த அன்றே போடுங்கள். மனு போய்ச் சேரும் நாள்தான் உங்கள் பிரயாரிட்டி டேட். அந்த ஐ-140 அப்ரூவ் ஆகிவிட்டால், பிறகு ஈபி-1இல் இன்னொரு மனு அப்ரூவ் ஆகும்போது பழைய தேதியையே அங்கே எடுத்துப் போகலாம். 2022 ஜனவரியில் என்ஐடபிள்யூ போட்டு, 2025-இல் ஈபி-1ஏ அப்ரூவ் ஆனவர், ஈபி-1 வரிசையில் 2022 ஜனவரி ஆளாக நிற்பார். மேலே சொன்ன அக்டோபர் புல்லட்டினில் அவருக்கு வழி திறந்திருக்கும். "நேரே ஈபி-1ஏ போட்டுக்கொள்ளலாம்" என்று 2025 வரை காத்திருந்த அவர் நண்பருக்குத் திறந்திருக்காது. மோசடி, பெரிய தவறு போன்ற காரணங்களால் மனு ரத்தானால் மட்டும் தேதியும் போய்விடும்.

அதற்காகப் பாதி வெந்த மனுவை அனுப்பாதீர்கள். அப்ரூவ் ஆகாத மனுவின் தேதி எதற்கும் ஆகாது.

ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் வந்தேன். இரண்டு வருடம் ஊரில் இருக்க வேண்டும் என்கிறார்களே?

அந்த நிபந்தனை வர மூன்று காரணங்கள் உண்டு: அரசுப் பணத்தில் வந்தது, மருத்துவர்களின் உயர் பயிற்சி, உங்கள் நாட்டுக்கு உங்கள் துறை தேவை என்ற பட்டியல். 2024 டிசம்பர் 9 அன்று வெளியான புதிய பட்டியலில் இந்தியா இல்லை, முன்பு வந்தவர்களுக்கும் அது பொருந்தும். ஆக, பட்டியலால் மட்டும் மாட்டியிருந்தவர்கள் விடுபட்டார்கள். ஃபுல்பிரைட் போன்ற அரசு நிதியில் வந்தவர்கள் விடுபடவில்லை. நிபந்தனை இருந்தாலும் ஐ-140 போடலாம், தேதி பிடிக்கலாம். இரண்டு வருடத்தை முடிக்காமலோ விலக்கு வாங்காமலோ கிரீன் கார்டுக்குப் போக முடியாது. எச்-1பி வேலை விசாவுக்கும் மாற முடியாது.

ஐ-140 போட்டுவிட்டு ஊருக்குப் போனால் விசா ஸ்டாம்பிங்கில் சிக்கல் வருமா?

எச்-1பி என்றால் கவலை இல்லை, குடியேறும் எண்ணம் இருப்பதை அந்த விசா அனுமதிக்கிறது. எஃப்-1 மாணவர் விசா, ஜே-1 அப்படியல்ல. திரும்பிப் போவேன் என்று காட்ட வேண்டிய விசாக்கள் அவை. படிவத்தில் "உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா" என்ற கேள்வி வரும், உண்மையைத்தான் எழுத வேண்டும். மறுக்கப்படும் வாய்ப்பு உண்டு. அக்கா கல்யாணத்துக்குப் போக வேண்டும், விசா முத்திரை காலாவதி என்றால், போய்வந்த பிறகு மனுவை அனுப்புவது நிம்மதி.

செலவு எவ்வளவு? பிரீமியம் போடலாமா?

2024 ஏப்ரலிலிருந்து ஐ-140 கட்டணம் 715 டாலர். நீங்களே மனுதாரர் என்றால் கூடவே 300 டாலர். சீக்கிரம் பரிசீலிக்கச் சொல்லிக் கட்டும் பிரீமியம் கட்டணம் 2024 பிப்ரவரியில் 2,805 ஆனது, 2026 மார்ச்சில் 2,965. அதைக் கட்டினால் ஈபி-1ஏ, ஈபி-1பிக்கு 15 வேலை நாளில், என்ஐடபிள்யூவுக்கு 45 வேலை நாளில் ஏதாவது ஒரு பதில் வரும். ஆர்எஃப்இயும் ஒரு பதில்தான். இந்திய ஈபி-2 வரிசையில் நிற்கப்போகிறவருக்குப் பிரீமியத்தால் வரிசை ஒரு நாள்கூடக் குறையாது. எச்-1பியின் ஆறு வருடம் முடியப்போகிறது, அப்ரூவலைக் காட்டி மூன்று வருட நீட்டிப்பு வாங்க வேண்டும் என்ற நிலையில் அந்தப் பணம் நியாயம்.

லாயர் கட்டாயமா?

இல்லை. எழுதப் பழகிய ஆராய்ச்சியாளர் என்ஐடபிள்யூவைத் தானே போட முடியும், போட்டுத் தேறியவர்கள் பலர். முன்பு விசா அந்தஸ்து அறுந்திருந்தால், ஜே-1 நிபந்தனை இருந்தால், போலீஸ் வழக்கு ஏதாவது இருந்தால், லாயரிடம் போங்கள். போகும்போது உங்கள் வரைவை யார் எழுதுவார்கள் என்று கேளுங்கள். நான் முதலில் போன அலுவலகம் அனுப்பிய முகப்புக் கடிதத்தில் ஓர் இடத்தில் "மனுதாரரின் தசைச் செல் ஆராய்ச்சி" என்று இருந்தது. என் ஆர்சனிக் எங்கே, தசை எங்கே!

வேலை மாறினால் எல்லாம் போய்விடுமா?

ஈபி-1ஏ, என்ஐடபிள்யூ உங்கள் சொந்த மனு. சொன்ன வேலையைச் செய்துகொண்டிருக்கும்வரை எந்த ஆய்வகத்தில் இருக்கிறீர்கள் என்பது பெரிய விஷயமில்லை. ஆர்சனிக் என்று எழுதிவிட்டு வங்கியில் தரவு அலசப் போனால், கடைசிக் கட்டத்தில் கேள்வி வரும். ஈபி-1பியில் அப்ரூவ் ஆன பிறகு நிறுவனம் மனுவைத் திரும்பப் பெற்றாலும், பிரயாரிட்டி டேட் உங்களிடமே இருக்கும். அடுத்த நிறுவனம் வழியாகப் போவதென்றால் பொதுவாகப் புது மனு வேண்டும்.

காத்திருக்கும்போதே பிள்ளைக்கு 21 ஆகிவிட்டால்?

21 வயதானால் பிள்ளை உங்கள் மனுவிலிருந்து விலகிவிடும். சின்ன நிவாரணம் ஒன்று உண்டு: ஐ-140 பரிசீலனையில் கிடந்த நாள்களை வயதிலிருந்து கழிப்பார்கள். பிரீமியம் போட்டு 20 நாளில் அப்ரூவல் வாங்கியவருக்குக் கழிக்க 20 நாள்தான் இருக்கும். சும்மா விட்டு ஒன்றரை வருடம் ஆனவருக்கு ஒன்றரை வருடம் கழியும். வீட்டில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளை இருந்தால் பிரீமியப் படிவத்தை நிரப்பும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஆர்எஃப்இ வந்துவிட்டது. நிராகரித்தால் என்ன செய்வது?

ஆர்எஃப்இ மறுப்பு இல்லை. பதில் சொல்லப் பொதுவாக 12 வாரம் வரை தருவார்கள். ஒரே ஒரு முறைதான் பதில் தர முடியும், துண்டு துண்டாக அனுப்ப முடியாது. முதலில் கோபத்தை ஆற்றுங்கள். அப்புறம் கடிதத்தின் ஒவ்வொரு வரியையும் எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எந்தத் தாளில் பதில் இருக்கிறது என்று எழுதுங்கள். பழைய ஆதாரத்தையே தடித்த எழுத்தில் திரும்ப அனுப்பினால் வேலைக்கு ஆகாது. ஒரு எச்சரிக்கை: மனு போட்ட நாளிலேயே தகுதி இருந்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்குப் பிறகு வந்த கட்டுரை துணைக்கு நிற்கும், அடித்தளமாக நிற்காது.

நிராகரித்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், மறுபரிசீலனை கேட்கலாம். அல்லது ஆதாரத்தைச் சரிசெய்து புதிதாகவே போடலாம், அதற்குத் தடை எதுவும் இல்லை. பலர் புதிதாகப் போடுவதையே தேர்ந்தெடுக்கிறார்கள், தேதி போனாலும்.

பிறப்புச் சான்றிதழில் என் பெயரே இல்லை, "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கிறது. இப்போது என்ன?

ஐ-140க்கு அது தேவையில்லை. ஐ-485 போடும்போது தேவை. பிறந்த ஊர் நகராட்சியிலோ பேரூராட்சியிலோ பெயரைச் சேர்க்க முடியுமா என்று கேட்டு விண்ணப்பியுங்கள். பதிவே இல்லை என்றால், "பதிவு கிடைக்கவில்லை" என்ற சான்றிதழை அங்கேயே வாங்கி, உங்கள் பிறப்பை நேரடியாக அறிந்த பெரியவர்கள் இருவரின் பிரமாணப் பத்திரமும் பள்ளிச் சான்றிதழும் சேர்த்து வையுங்கள். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் வேண்டும். இதையெல்லாம் தேதி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். என் விஷயத்தில் அப்பா மூன்று முறை அலுவலகத்துக்கு நடந்தார், நான்காவது முறை போனபோது பதிவேட்டில் என் பெயரைச் சேர்த்தார்கள், ஆனால் எழுத்துப்பிழையோடு. அதைத் திருத்த இன்னும் இரண்டு முறை.